பின்னால் நால்வர் காத்திருக்கிறார்கள்

கோல்ஃப் மைதானத்தில் நான் செய்த முதல் தவறு ஒரு சத்தம். கையுறையின் மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்து ஒட்டினேன், அவ்வளவுதான். பள்ளிப் பையைத் திறக்கும்போது எழும் அதே 'சர்ர்ர்' ஓசை. ஆனால் அப்போது காலை ஆறேகால் மணி. எனக்கு நான்கடி தள்ளி, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்தியிருந்தார். அவருடைய பந்து வலப்பக்க மரங்களுக்குள் போய் மறைந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மட்டையை, பை தூக்கி உடன் வரும் உதவியாளரான கேடியிடம் கொடுத்துவிட்டு, "இன்று காற்று கொஞ்சம் அதிகம்" என்றார். சுற்றிலும் ஓர் இலைகூட அசையவில்லை.

எனக்கு இது 47 வயதில் வந்த ஆசை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார் மருத்துவர். தனியாக நடக்கச் சலிப்பாக இருக்கிறது என்று புலம்பியதைக் கேட்ட அலுவலக நண்பர், பயிற்சித் திடலுக்கு அழைத்துப்போனார். மூன்று மாதம் பாயின் மேல் நின்று கூடை கூடையாகப் பந்தடித்தேன். பிடி எப்படி, தோள் எப்படித் திரும்ப வேண்டும், முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். அடுத்தவர் அடிக்கும்போது நான் எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பயிற்சித் திடலில் அதற்குத் தேவையும் இல்லை. அங்கே ஒவ்வொருவரும் தன் பெட்டிக்குள் தன் பந்தோடு தனியாக இருக்கிறார்கள். நீச்சல் குளத்தின் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகிவிட்டு, நேராக ஆற்றில் இறங்கியவன் நிலைதான் எனக்கு.

என்னைக் கரை சேர்த்தவர் என் பையைத் தூக்கி வந்த கேடி. அறுபதை நெருங்கும் வயது. சிறுவனாகப் பந்து பொறுக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். நான் அவரை 'அண்ணா' என்கிறேன், அவர் என்னை 'சார்' என்கிறார். இதை மாற்ற இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் "சரி சார்" என்றார். அன்று இரண்டாவது குழிக்கு நடக்கும்போது, யார் காதிலும் விழாத குரலில் அவர் சொன்னதுதான் இந்த ஆட்டத்தைப் பற்றி நான் கேட்ட முதல் உருப்படியான வாக்கியம். "சார், மோசமாக ஆடுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேகமாக மோசமாக ஆடுங்கள். பின்னால் நால்வர் காத்திருக்கிறார்கள்."

திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே நான்கு பேர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

புதிதாக வருகிறவர் இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். கோல்ஃப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு உள்ள பயமெல்லாம், சரியாக அடிக்க வராவிட்டால் சிரிப்பார்களே என்பதுதான். யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தங்கள் சொந்த ஆட்டத்தைப் பற்றிய துக்கமே போதிய அளவு இருக்கிறது. ஆனால் மைதானம் என்பது ஒற்றைப் பாதை. 18 குழிகளும் வரிசையாகக் கோக்கப்பட்டவை, முன்னால் போகிற குழு நின்றால் பின்னால் வருகிற அத்தனை குழுக்களும் நிற்க வேண்டும். ரயில்வே கேட் மூடியதும் ஊரின் மறுகோடி வரை வண்டிகள் நிற்குமே, அது போல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் சில மாதங்களில் நான் ஒரு சுற்றுக்கு 120 அடிக்குக் குறைந்து எடுத்ததில்லை. ஒவ்வோர் அடிக்கும் தேவைக்கு மேல் அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் சரியாக ஒரு மணி நேரம். என் ஒருவனால் மட்டும் பின்னால் இருக்கிற எல்லோருடைய காலையிலும் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது! அதிகமாக அடிக்கிறவன்தான் ஒவ்வோர் அடியிலும் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். நானோ அதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு பந்துக்கும் நான்கு முறை காற்றில் வீசிப் பார்த்துவிட்டு ஐந்தாவது முறை தரையை வெட்டிக்கொண்டிருந்தேன்.

2019இல் விதிப்புத்தகத்தை முழுவதுமாகத் திருத்தி எழுதியபோது இந்தப் பிரச்சினையையும் கையில் எடுத்தார்கள். 34 விதிகள் 24 ஆகச் சுருங்கின. ஆடும் முறை வந்த பிறகு 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று பரிந்துரை வந்தது. காணாமல் போன பந்தைத் தேட அதுவரை ஐந்து நிமிடம் இருந்தது, அது மூன்றாயிற்று. குழியிலிருந்து தொலைவில் இருப்பவரே முதலில் ஆட வேண்டும் என்பது பழைய வழக்கம். அடிக்கும் அடிகளைக் கூட்டிக் கணக்கிடும் ஆட்டத்தில், ஆபத்து இல்லையென்றால் யார் தயாரோ அவர் ஆடலாம் என்று இப்போது புத்தகமே ஊக்கப்படுத்துகிறது. எங்கள் குழுவில் இன்னும் சிலர் "நீங்கள் முதலில்", "இல்லை, நீங்கள்தான்" என்று கல்யாணப் பந்தியில் உபசரிப்பது போல நிற்பார்கள். அண்ணா தொண்டையைச் செருமுவார்.

மற்றபடி வேகம் என்பது ஓடுவதல்ல. அடுத்தவர் அடிப்பதற்குள் உங்கள் பந்தருகே போய் எந்த மட்டை என்று முடிவு செய்துவிட வேண்டும். பந்து தூரத்தில் கிடந்தால் இரண்டு மூன்று மட்டைகளாக எடுத்துப்போக வேண்டும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு வந்ததும் பையை அடுத்த குழிக்குப் போகும் பக்கமாக வைக்க வேண்டும். ஆடி முடித்ததும் அங்கேயே நின்று எத்தனை அடி என்று விரல்விட்டு எண்ணாமல், நகர்ந்து, அடுத்த டீயில், அதாவது அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், போய் எழுதிக்கொள்ள வேண்டும். நட்பாட்டமாக இருந்தால், கணக்கு கைமீறிப் போன குழியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஸ்டேபிள்ஃபோர்டு என்ற புள்ளிமுறையே இதற்கு வழிசெய்கிறது. ஒரு குழியை முடிக்க வகுத்திருக்கும் அடி எண்ணிக்கைதான் பார். பாருக்கு 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் கிடையாது, எனவே பத்தாவது அடியை அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்கு இதைவிடக் கருணையான கணக்கை நான் பார்த்ததில்லை.

நிற்கும் இடத்துக்கு வருகிறேன். அடிப்பவருக்கு நேர் பின்னாலும் நிற்கக் கூடாது, பந்து போகும் கோட்டின் பின்புறமும் நிற்கக் கூடாது. அவருடைய கண் ஓரத்தில் நீங்கள் ஆடிக்கொண்டே இருப்பீர்கள். அவர் முகத்தைப் பார்த்தபடி, மட்டை எட்டாத தூரத்தில், அசையாமல் நிற்பது நல்லது. காலை வெயிலில் நிழல் நீளமாக விழும். அதையும் கட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், குறிப்பாகக் கிரீனில். கைப்பேசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் கேட்கப்போவதில்லை. ஒருமுறை யாரோ ஒருவரின் பையிலிருந்து சுப்ரபாதம் ஒலிக்க, மட்டையை ஓங்கியவர் அப்படியே இறக்கிவைத்து, பாட்டு முடியும்வரை கைகூப்பி நின்றார். அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது, எல்லோருக்கும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

இதெல்லாம் நாசூக்கு. ஒன்று மட்டும் உயிர் சம்பந்தப்பட்டது. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எலுமிச்சம்பழ அளவுதான். ஆனால் அது நெற்றியில் பட்டால் எலுமிச்சம்பழம் அல்ல. பந்து யாரை நோக்கியாவது போகிறது என்று தெரிந்த கணமே 'ஃபோர்' என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்துவதற்குக் கூச்சப்படுகிறவர்கள் இந்த ஆட்டத்துக்கு வரக் கூடாது. ஆனால் நம் ஊர் மைதானங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. காலை வேளையில் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருப்பார்கள். 'ஃபோர்' என்றால் அவர்களுக்கு எண் நான்கா, எதுவா என்று தெரிய நியாயமில்லை. என் பந்து ஒருநாள் அவர்கள் பக்கமாகச் சாய்ந்தபோது நான் ஆங்கிலேயர் முறைப்படி கத்தினேன். அண்ணா, "அம்மா, தலை, தலை!" என்று கத்தினார். அவர்கள் அவருடைய குரலுக்குத்தான் தலையைக் கவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு, அவர்கள் எழுந்து ஓரமாகப் போகும்வரை நான் மட்டையை எடுப்பதில்லை. பின்னால் நால்வர் அல்ல, நாற்பது பேர் காத்திருந்தாலும்.

விதிகள் என்று வரும்போது எனக்கு 1744ஐ நினைத்துக்கொள்ளப் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் எடின்பரோவை ஒட்டிய லீத் என்ற துறைமுக ஊரின் கனவான்கள், நகரம் பரிசாக அளித்த வெள்ளி மட்டைக்குப் போட்டியிடுவதற்காக 13 விதிகளை எழுதிவைத்தார்கள். எழுத்தில் கிடைக்கிற கோல்ஃப் விதிகளில் அவையே மிகப் பழையவை. முதல் விதி, முந்தின குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த பந்தை வைக்க வேண்டும் என்கிறது. ஆளோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்துவிட்டால் அது நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்கிறது இன்னொன்று. தண்ணீரிலோ சகதியிலோ விழுந்த பந்தை வெளியே எடுத்து ஆடலாம், ஆனால் எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடுக்க வேண்டும். முதல் விதியையும் குதிரையையும் தவிர மற்றவை இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பக்கங்கள் எல்லாம், ஒருவேளை இப்படி நடந்தால், ஒருவேளை அப்படி நடந்தால் என்று மனிதர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு.

கிடந்த இடத்தில் கிடந்தபடி ஆடு என்பதுதான் மூலமந்திரம். வேரடியில் கிடந்தாலும், பிறர் வெட்டிய பள்ளத்தில் கிடந்தாலும், நகர்த்தக் கூடாது. முடியவே முடியாது என்றால் ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஓர் அபராத அடியோடு இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு அருகே போய்விடாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம். வேறு இரண்டு வழிகளும் உண்டு. புதியவருக்கு இது ஒன்று போதும். சிவப்பு அல்லது மஞ்சள் கம்பு நட்டிருந்தால் அது அபராதப் பகுதி, பெரும்பாலும் தண்ணீர். உள்ளே இருந்தே அடிக்க முடிந்தால் அடிக்கலாம், வெளியே எடுத்தால் ஓர் அடி. பாம்போ, தேனீக் கூட்டமோ, கொட்டும் எறும்புப் புற்றோ பக்கத்தில் இருந்தால் அபராதமே இல்லாமல் நகர்ந்துகொள்ளலாம். இந்த விதியைப் படித்தபோது எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை பிறந்தது. நின்ற பந்தை நாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டால், ஓடியது நாய்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கும் அபராதம் இல்லை.

வெள்ளைக் கம்புதான் கொடுமை. அதற்கு அப்பால் எல்லை முடிந்துவிட்டது. அங்கே போன பந்தும், மூன்று நிமிடத்தில் கிடைக்காத பந்தும் ஒன்றே. ஓர் அபராத அடியைச் சேர்த்துக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். 200 கஜம் நடந்து போய்த் தேடிவிட்டு மறுபடி 200 கஜம் பின்னோக்கி நடப்பதைப் போன்ற சோகம் இந்த ஆட்டத்தில் வேறில்லை, பின்னால் நிற்கும் நால்வரின் எதிரிலேயே அதைச் செய்ய வேண்டும். அதனால்தான் பந்து போன திசை சந்தேகமாக இருந்தால், நகர்வதற்கு முன்பே மாற்றுப் பந்து ஒன்றை அடித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் புரொவிஷனல். அந்தச் சொல்லை, அல்லது அந்தப் பொருள் தெளிவாக விளங்கும்படி எதையாவது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இன்னொன்று அடிக்கிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு அடித்தால் பழைய பந்து அந்தக் கணமே செத்துப்போகும், புதியதுதான் ஆட்டத்தில் இருக்கும். நான் அப்படி முணுமுணுத்தவன். போய்ப் பார்த்தால் முதல் பந்து புல்வெளியின் நடுவில் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்தது.

காற்றில் வீசித் தவறவிட்டது கணக்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குதான். பந்தை அடிக்கும் நோக்கத்தோடு மட்டை இறங்கினால் அது ஓர் அடி. நோக்கம் இருந்ததா என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் அடிக்கும் முன்னரே பந்து, அதைத் தாங்கும் சின்ன ஆணியான டீ மேலிருந்து தானாகவோ கை பட்டோ விழுந்தால் ஒன்றுமில்லை, மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் விதி. புதியவருக்கு ஏழே அதிகம்.

மணல் பள்ளத்துக்கு, அதாவது பங்கருக்கு, தனி மரியாதை. அடிக்கும் முன் பந்தின் முன்னும் பின்னும் மட்டையால் மணலைத் தொடக் கூடாது. ஒத்திகை வீச்சிலும் தொடக் கூடாது. 2010இல் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன் மட்டையை மணலில் ஊன்றினார். பார்வையாளர்கள் ஏறி மிதித்துச் சூழ்ந்து நின்ற இடம் அது. பங்கர் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு அபராத அடிகள் விழுந்தன. வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டத்தில் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அப்படி என்றால் எனக்கு என்ன வெட்கம் என்று அன்றிலிருந்து பங்கரில் தைரியமாகத் தவறு செய்கிறேன். ஆனால் வெளியே வரும்போது மணலைச் சீராக்காமல் வருவதில்லை. பள்ளத்தின் தாழ்ந்த பக்கமாக இறங்கி, அதே பக்கமாக ஏறி, பரம்பு போன்ற அந்தக் கருவியால் அடிச்சுவட்டையெல்லாம் தடவி மூடிவிட்டு வர வேண்டும். அடுத்தவரின் பந்து உங்கள் செருப்புத் தடத்துக்குள் போய் விழுந்தால், கிடந்தபடி ஆடு என்ற மந்திரம் அவரைத்தான் தண்டிக்கும். குழியை நோக்கிப் போகும் புல்வெளியான ஃபேர்வேயில் மட்டை பெயர்த்தெடுத்த புல்லுக்கும் இதே நியாயம்தான். நம் வெப்பத்தில் வளரும் புல்லுக்குப் பெயர்ந்த துண்டைத் திருப்பி வைப்பதைவிடக் குழியில் மணல் நிரப்புவதே மேல் என்பார் அண்ணா. அவர் இடுப்பில் எப்போதும் ஒரு மணல் பை தொங்கும். மூன்றாவது வாரம் அதை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். அதிகமாகத் தோண்டுவது நான்தானே.

கிரீன் என்பது வீட்டின் பூஜையறை மாதிரி. அங்கே ஓடக் கூடாது, காலை இழுத்து நடக்கக் கூடாது, தள்ளுவண்டியை ஏற்றக் கூடாது. ஒவ்வொருவருடைய பந்திலிருந்தும் குழிக்கு, 108 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சின்ன வாய்க்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டை மிதிக்கக் கூடாது. சுற்றிப் போ, இல்லையென்றால் தாண்டிப் போ. வழியில் உங்கள் பந்து இடைஞ்சலாக இருந்தால் பின்னால் ஒரு நாணயம் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்து ரூபாய் நாணயம் வைத்திருக்கிறேன். கொடிக்கம்பைப் பிடுங்க வேண்டிய கட்டாயம் 2019க்குப் பிறகு இல்லை, குத்தியபடியே விட்டு உருட்டலாம். பழைய ஆட்கள் இன்னும் பிடுங்குகிறார்கள். எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பந்து உயரத்திலிருந்து வந்து கிரீனில் விழும்போது ஒரு சின்னப் பள்ளம் உண்டாகும். பிட்ச் மார்க் என்பார்கள். இரண்டு பல் உள்ள முள்கரண்டி போன்ற ஒன்றை ஓரங்களில் குத்தி, நடுவை நோக்கித் தள்ளி, பிறகு பட்டரால், அதாவது பந்தை உருட்டும் மட்டையால், தட்டிச் சமன் செய்ய வேண்டும். கீழிருந்து நெம்பினால் வேர் அறுந்துபோகும். இதை அண்ணா என்னிடம் மூன்று முறை செய்து காட்டினார். முள்கரண்டியை முதல் வாரமே வாங்கிவிட்டேன். ஆனால் பல மாதங்கள் அது சட்டைப்பையிலேயே கிடந்தது. காரணம் எளிது. பிட்ச் மார்க் போடுவதற்கே ஒரு தகுதி வேண்டும். பந்து வானத்திலிருந்து கிரீனுக்கு வர வேண்டும். என் பந்துகள் எல்லாம் தரையோடு தவழ்ந்து வந்தவை.

ஆடைக் கட்டுப்பாடு பற்றி ஒரு வார்த்தை. காலர் வைத்த சட்டை, உள்ளே செருகிய விளிம்பு, ஜீன்ஸ் கூடாது என்பதெல்லாம் அந்தந்த மன்றத்தின் ஏற்பாடு. விதிப்புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்துக்குக் காலர் தெரியாது. நான் கட்டுப்படுகிறேன், ஆனால் அதை நாகரிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1744இல் அந்த 13 விதிகளை எழுதியவர்களின் வழிவந்த மன்றம் இன்று மியூர்ஃபீல்டில் இருக்கிறது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று அங்கே வாக்களித்தது 2017இல், அதுவும் முந்தைய ஆண்டு ஒரு முறை மறுத்துவிட்டு. அடுத்தவர் கோட்டை மிதிக்காதே என்று கற்றுக்கொடுத்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள இவ்வளவு நாளாகியிருக்கிறது. அதே ஸ்காட்லாந்தில், இந்த ஆட்டத்தின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு உலாவுகிறார்கள். நாம் வேலியையும் காவலாளியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை அங்கேயே விட்டுவிட்டோம்.

பை தூக்க வந்தவர்கள் இந்த வேலியை வேறு விதமாகத் தாண்டினார்கள். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் வென்ற பெங்களூரின் முனியப்பாவும் அப்படியே. அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, "நானும் கொஞ்சம் ஆடுவேன் சார்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, கேடிகளுக்கு மைதானத்தைத் திறந்துவிடும் நாளில் போய்ப் பார்த்தேன். இரவல் மட்டைகள், கிழிந்த கையுறை. முதல் ஒன்பது குழிகளில் மூன்று அடிதான் பாருக்கு மேல். நான் அவருக்குப் பந்தின் வேகம் பற்றி ஒருமுறை விளக்கியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இந்த ஆட்டத்தில் நடுவர் உங்கள் கூட வருவதில்லை. சங்கடமே அதுதான். மரத்தடியில் ஒருநாள் பந்தை ஒட்டிக் கிடந்த சுள்ளியை எடுத்தேன். பந்து அரை அங்குலம் உருண்டது. ஓர் அடி அபராதம், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. அண்ணா கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பந்தைத் திருப்பி வைத்தேன், ஆனால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஏழு என்று சொன்னேன். இரண்டு குழிகள் கடந்தன. அந்த இரண்டிலும் நான் அடித்த எதுவும் நேராகப் போகவில்லை. கடைசியில் பொறியாளரிடம், "சார், அது எட்டு" என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஏதாவது பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு. அவர் அட்டையில் ஏழை அடித்து எட்டு எழுதிவிட்டு, பேனாவை மூடி, "நீங்கள்தான் ஆட வேண்டும், தம்பி" என்றார்.

பிறகுதான் பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் கதையைப் படித்தேன். 1925 யுஎஸ் ஓப்பனில், வூஸ்டர் மைதானத்தில், அடர்ந்த புல்லில் தன் பந்து அசைந்துவிட்டதாக அவரே சொல்லி ஓர் அடி சேர்த்துக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. முடிவில் சமநிலை, கூடுதல் ஆட்டத்தில் வில்லி மெக்ஃபர்லேனிடம் தோல்வி. அந்த ஓர் அடி இல்லையென்றால் சமநிலையே வந்திருக்காது. பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்கா என்னைப் பாராட்டுகிறீர்கள் என்ற பொருளில் அவர் கேட்டதாகச் சொல்வார்கள். பொறியாளர் ஏன் பேனாவை மூடினார் என்று அப்போது புரிந்தது.

அட்டையும் லேசுப்பட்டதல்ல. போட்டியில் உங்கள் எண்ணிக்கையை மற்றவர் எழுதுவார், சரிபார்த்துக் கையெழுத்திடுவது உங்கள் பொறுப்பு. 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை 3 அடியில் முடித்தார். அட்டை எழுதியவர் 4 என்று போட்டார். டி விசென்சோ பார்க்காமல் கையெழுத்திட்டார். குறைத்து எழுதியிருந்தால் தகுதிநீக்கம், கூட்டி எழுதியிருந்தால் கூடியதே நிலைக்கும் என்பது விதி. 65 அடித்தவருக்கு 66. பாப் கோல்பியோடு கூடுதல் ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர் ஓர் அடியில் தோற்றார். அன்று அவருடைய 45ஆவது பிறந்தநாள். வங்கிப் படிவத்தில் எத்தனை கையெழுத்துகளைப் படிக்காமல் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அட்டையை மட்டும் இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு காலை. மூன்று அடி பார் உள்ள குட்டிக் குழி, 130 கஜம். எட்டாம் எண் மட்டையை எடுத்தேன். ஒரே ஒரு ஒத்திகை வீச்சு. பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போயிற்று. மரத்துக்கு மேல் ஒரு கணம் நின்றது போலத் தோன்றி, நேராகக் கிரீனின் நடுவில் 'தொப்' என்று விழுந்தது. பொறியாளர் கைதட்டினார். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, மட்டையை வாங்கித் துடைத்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம். நான் கிரீனுக்குப் போன நடையை யாராவது படம் எடுத்திருந்தால் கோயில் தேர் என்று நினைத்திருப்பார்கள். நாணயத்தை வைத்துப் பந்தை எடுத்தேன். பின்னால் நால்வர் வந்துவிட்டார்கள். எங்களைவிட வேகமானவர்கள். வழக்கப்படி நாங்கள் எல்லோரும் பந்தைக் குறியிட்டுவிட்டு, ஓரமாக ஒதுங்கி, வாருங்கள் என்று கையசைத்தோம். நான்கு பந்துகளும் வரிசையாக வந்து விழுந்தன. அவர்களும் வந்தார்கள், நன்றி சொன்னார்கள்.

அவர்களில் இளைஞன் ஒருவன் தன் பந்தருகே குனிந்து, முள்கரண்டியை எடுத்துத் தன் பள்ளத்தைச் சரிசெய்தான். தட்டிவிட்டு நிமிர்ந்தவன், சற்றுத் தள்ளி இன்னொன்று இருப்பதைப் பார்த்தான். கிரீனின் நடுவில், புதிதாக, ஈரமாக. யாருடையது என்று தேடவில்லை. மறுபடி குனிந்தான். ஓரங்களில் குத்தி, நடுவை நோக்கித் தள்ளி, பட்டரால் இரண்டு தட்டு.

அண்ணா என்னைப் பார்க்கவில்லை. நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். முள்கரண்டி அங்கேதான் இருந்தது, விலைச்சீட்டுகூட இன்னும் பிய்க்கப்படாமல்.